நாற்பத்தோரு விநாடி துக்கம்

கெங்குராஜ் காலமானார் என்று ஊருலகமெல்லாம் படித்த அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, கெங்குராஜ் கோவில்பட்டியில் தன் வீட்டு முன்னறையில் பனியனும் இடுப்பில் சாரமுமாக உட்கார்ந்து கஞ்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்; மூன்றாவது வெங்காயத்தில் அவர் கண் கலங்கியிருந்த நேரம் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வந்தவர் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. "வாங்க" என்றார் கெங்குராஜ். யாரென்று தெரியாவிட்டாலும் வீட்டுக்குள் வந்துவிட்டவரை வாங்க என்றுதானே சொல்ல வேண்டும். வந்தவர் பதில் சொல்லாமல் எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார், கெங்குராஜின் முகத்தைத் துக்கமாகப் பார்த்தார், வலது கைக் கட்டைவிரலால் காற்றை மேலே மேலே தள்ளினார், பிறகு துக்கம் தீர்ந்துபோனவராகச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார், அதன்பின் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தார், எழுந்தார், போய்விட்டார். அவர் செருப்பு மாட்டுவதற்குள் தோசை மாவு அப்பிய கையோடு ஒரு பெண் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால், கழுத்தைச் சுற்றி சலூன் வெள்ளைத் துணியும் ஒரு கன்னத்தில் மட்டும் சவர நுரையுமாக ஒரு நடுவயதுக்காரர் தன் முறைக்கு நின்றார்.

"ஏ சுப்பு, யாரோ வந்திருக்காக, தண்ணி கொண்டா" என்றார் கெங்குராஜ்.

அவர் மனைவி சுப்புத்தாய் செம்போடு வந்தபோது முன்னறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். செம்பு போதாதென்று போய்க் குடத்தோடு வந்தபோது பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவரும் தண்ணீர் குடிக்கவில்லை.

"என்னங்க, வாயத் தொறக்க மாட்டேங்காகளே?"

"துட்டி வீட்டுக்கு எழவு கேக்க வந்தவுக மாதிரில்லா உக்காந்திருக்காக."

"யாரு துட்டிக்கு?"

கெங்குராஜ் சுற்றிப் பார்த்தார். அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது எப்படி நேர்ந்தது என்பதில் சொல்ல அதிகமில்லை. சென்னையில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், விளையாட்டுச் செய்திகளை இணையத்தில் போடும் கம்பெனி ஒன்று இருந்தது. அதில் போடியிலிருந்து வந்த நாகஜோதி என்ற பெண் மூன்று வருடமாக வேலை பார்த்தாள். எந்த மைதானத்தையும் மிதிக்காமல், எந்த வீரரோடும் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு நாளைக்குப் பதினாலு செய்தி எழுதினாள். பதினோராயிரம் சம்பளம், ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் போனால் மதியச் சோற்றைத் தள்ளிப்போட்டு நாலு மணிக்குச் சாப்பிட்டு ராத்திரிச் சோற்றையும் அதிலேயே முடித்துக்கொள்ளும் சம்பளம். மூன்று வருடத்தில் ஒரு செய்தியிலும் அவள் பேர் வந்ததில்லை, எல்லாவற்றுக்கும் கீழே 'செய்திப் பிரிவு' என்றுதான் வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஓசூரில் முன்னாள் ஹாக்கி கோல்கீப்பர் கெங்குராஜ் இறந்துபோனார் என்று ஒரு வரி வந்தது. மற்ற தளங்கள் முந்துவதற்கு நாலு நிமிடம் இருந்தது. நாகஜோதி பேரைத் தட்டினாள், முதலில் வந்த முகத்தை எடுத்தாள். காலில் கோல்கீப்பர் பேடு கட்டி, கையில் மட்டையோடு, ஏதோ உள்ளூர்ப் போட்டியில் கோப்பை வாங்கிச் சிரிக்கும் ஒரு மனிதர். படத்தின் கீழ் கோவில்பட்டி என்று இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டாள். சாவுச் செய்திக்கென்று கம்பெனியில் ஓர் அச்சு உண்டு. பேர், வயது, ஊர் மூன்றையும் நிரப்பினால் போதும், கடைசிப் பத்தியை யாரும் தொடுவதேயில்லை: "அவரது இல்லத்துக்கு ரசிகர்கள் திரண்டு வந்து கண்ணீர் அஞ்சலி செலுத்தி வருகின்றனர்." அந்தப் பத்தி எத்தனையோ பேருக்குப் போயிருக்கிறது. அந்த வீடுகளுக்கெல்லாம் யாராவது திரண்டு வந்தார்களா என்று தெரியாது. செத்தவர்கள் யாரும் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னதில்லை.

ஆபீஸ் சுவரில் ஒரு டிவி இருந்தது, அதில் மேட்ச் ஓடாது, எண்கள்தான் ஓடும். அன்று அதில், 'இப்போது படிப்பவர்கள் அறுபத்தொருவர், சராசரி நேரம் நாற்பத்தோரு விநாடி' என்று வந்தது.

கோவில்பட்டியில் அந்த நேரம் முன்னறையிலும் வாசலிலுமாக அறுபத்தொரு பேர் இருந்தார்கள்.

முதல் நாள் தெரு சிரித்தது. எதிர்வீட்டுப் பெண் போனைக் காட்டி, "மாமா, நீங்க செத்துட்டீக, போட்டிருக்கான் பாருங்க" என்றாள், "நல்லா எழுதியிருக்கானா?" என்று கேட்டார் கெங்குராஜ். அவள் அதன் அடியிலேயே 'இவர் உயிரோடு இருக்கிறார், எங்கள் எதிர்வீடு' என்று எழுதியும் போட்டாள். அது கைகூப்பிய முன்னூறு படங்களுக்குக் கீழே போய் விழுந்தது, யாரும் அவ்வளவு ஆழம் இறங்குவதில்லை. இரண்டாம் நாள் தெருவே பொறுப்பெடுத்துக்கொண்டது. ரேடியோ செட்காரர் சாமியானாப் பந்தல் போட்டு எண்பது பிளாஸ்டிக் சேர் இறக்கினார். கவுன்சிலர் வந்து, பந்தலில் தன் படத்தைக் கட்டிவிட்டுப் போனார். கடலை மிட்டாய்க்காரர் தட்டோடு வரிசை வரிசையாக நடந்து பார்த்து, "இதுகளுக்கு நாக்கே கெடையாது" என்று திரும்பினார். வந்தவர்கள் எந்தப் பஸ்ஸில் வந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. தெருமுனைப் பம்பு ரூமைத் தாண்டித்தான் வந்தார்கள், பம்பு ரூமைத் தாண்டித்தான் போனார்கள், அதற்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு ஒருவரும் தட்டுப்படவில்லை. எந்த நிலையில் இருந்தார்களோ அந்த நிலையில் வந்தார்கள்: ஹெல்மெட்டோடு வந்தார்கள், போர்வையோடு வந்தார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி வந்தார்கள், டிக்கெட் கிழிக்கும் கையோடு வந்தார்கள். சிலர் வந்த நிலையைச் சொல்ல முடியாது, அவர்களுக்கென்று சுப்புத்தாய் வாசலில் நாலு பழைய சாரத்தை மடித்து வைத்தாள்.

நாற்பத்தோரு விநாடிக்கு ஒரு தடவை நாற்காலிகள் காலியாகி நிறைந்ததால் தெரு அதையே கடிகாரமாக வைத்துக்கொண்டது. "நாலு எந்திரிப்புக்குள்ள வந்துருதேன்" என்று அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்க வந்தவர்கள் மட்டும் வாசலில் நின்று குழம்பினார்கள்.

"துட்டி வீட்ல வரி வாங்கப்படாதுல்லா?"

"ஆளு உள்ள உக்காந்து வெங்காயம் உரிக்காரு, அது எப்படித் துட்டி?"

"துட்டி இல்லன்னா இம்புட்டுச் சனம் எதுக்கு?"

கடைசியில் பாதி வரி வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குத்தான் கெங்குராஜ் சிரிக்காமல் இருந்தார்.

வியாழக்கிழமை காலையில் அவர் கன்னத்து மச்சம் இல்லை. சுப்புத்தாய் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தாள், மச்சம் துடைத்தால் வருமா. வெள்ளிக்கிழமை இடது புருவத்துக்கு மேலிருந்த தழும்பு போயிற்று. தீப்பெட்டி ஆபீஸ் அணிக்கு ஆடிய காலத்தில் பந்து கிழித்து ஏழு தையல் போட்ட தழும்பு, முப்பது வருடமாக மழைக்கு முந்தி அரிக்கும் தழும்பு. சனிக்கிழமை ரேஷன் கடை மெஷினில் கட்டைவிரலை வைத்தார், மெஷின் அவரை ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், எண்ணெய் தடவி வைத்தார். "ரேகையே இல்லையேய்யா, வழவழன்னு இருக்கு" என்றார் கடைக்காரர். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று தெருவில் சொன்னார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், மிளகாய் சுற்றிப் போட்டார்கள். நெடி எங்கும் ஏறியது, வந்தவர்களில் ஒருவர்கூட இருமவில்லை. கோயில் படி மிதிபட்டு மிதிபட்டுத் தேய்வதுபோல அந்த மனிதர் பார்வை பட்டுப் பட்டுத் தேய்ந்துகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவருக்குக் காபி கொடுக்கக் குனிந்த சுப்புத்தாய்க்கு, அவர் காது மடல் வழியாகச் சுவரின் நீல வண்ணம் தெரிந்தது. அவள் காபியை வைத்துவிட்டு எதிர்வீட்டுப் பெண்ணின் போனை வாங்கினாள்.

செய்திப் பக்கத்தின் அடியிலிருந்த நம்பருக்குப் போட்டாள், ஏழாவது தடவைதான் எடுத்தார்கள்.

"செய்திப் பிரிவுங்களா? கெங்குராஜ் செத்ததா எழுதுனது யாருங்க?"

"அது... டெஸ்க்ல எழுதினதுங்கம்மா" என்றாள் நாகஜோதி.

"டெஸ்க்குன்னா?"

"மேசை... இல்லங்கம்மா, ஆளுங்கதான்."

"மேசை எழுதாதுல்லா. அதான் கேட்டேன்."

"நான்தாங்கம்மா எழுதினேன்."

"நீயா தாயி. எளங்குரலா இருக்கு. நான் சண்ட போடக் கூப்பிடல. எங்க வீட்டுக்காரக காது வழியா செவுரு தெரியுது. அந்தப் படத்த எடுத்துரு, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

ஆசிரியர் ஹரிபாஸ்கர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு காலத்தில் வெயிலில் நின்று மேட்ச் பார்த்து எழுதியவர், இப்போது அவர் மேசையில் ரத்த அழுத்த மாத்திரை டப்பாதான் கிரிக்கெட் பந்து அளவுக்கு இருந்தது. நாகஜோதி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"தப்புதான்மா. திருத்திடு. ஆனா டெலிட் மட்டும் பண்ணாத. ஏறின லிங்க்கைக் கொல்லக் கூடாது. தலைப்ப மாத்து, உள்ள ரெண்டு வரி சேரு."

"படத்தை எடுத்துடலாமா சார்?"

"படம் இல்லாம அது ஏத்துக்காது, ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். போன வருடம் கம்பெனி ஒரு மென்பொருள் வாங்கியிருந்தது. முகம் இல்லாத படம் போட்டால் அது பக்கத்தையே ஏற்றாது. பூவைப் போட்டாலும் பந்தைப் போட்டாலும் திருப்பி அனுப்பிவிடும். முகம் இருந்தால்தான் படிப்பவரின் விரல் நிற்கும் என்று எங்கோ யாரோ கண்டுபிடித்திருந்தார்கள்.

ஆகவே தலைப்பு மட்டும் மாறியது: 'இறந்ததாகக் கூறப்பட்ட ஹாக்கி வீரர் உயிரோடு இருக்கிறாரா? பரபரப்பு!' டிவியில் அறுபத்தொன்று நூற்று நாற்பதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். அவர்கள் முகத்தில் துக்கம் இல்லை, சந்தேகம் இருந்தது. உட்காராமல் பக்கத்தில் வந்து, மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் கண்ணை வைத்துப் பார்த்தார்கள்.

அன்றே ஹரிபாஸ்கர் நாகஜோதியைக் கூப்பிட்டார். "மேல சந்தோஷப்படுறாங்க. ஒன்னாந்தேதியிலேருந்து நீ நிரந்தரம், பதினெட்டாயிரம். உன் பேரும் இனிமே வரும். கோவில்பட்டிக்கு ஒரு எட்டு போய் அந்தப் பெரியவர ஒரு வீடியோ எடுத்துட்டு வந்துடு. எனக்கு மேலயும் ஒரு டிவி ஓடுதும்மா."

பதினெட்டாயிரம் என்றால் மதியச் சோற்றை மதியத்திலேயே சாப்பிடலாம். நாகஜோதி அதைத்தான் நினைத்தாள், பிறகு நினைத்ததற்கு வெட்கப்பட்டாள், பிறகு டிக்கெட் போட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் பம்பு ரூமைத் தாண்டியபோது நூற்று முப்பது பேர் அவளோடு சேர்ந்து நடந்தார்கள்; எல்லோர் கட்டைவிரலும் ஒரே தாளத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது, செருப்புகளுக்குச் சத்தம் இருந்தது, மூச்சுக்குச் சத்தம் இல்லை. அவர்களில் ஒருத்தி என்று நினைத்துச் சுப்புத்தாய் அவளைக் கண்டுகொள்ளவேயில்லை.

"அம்மா, நான் நாகஜோதி. போன்ல பேசினேனே."

சுப்புத்தாய் நிமிர்ந்தாள். "பேசுதியே" என்றாள், அழுதுவிடுவாள் போல. "ஒரு வாரமாச்சு தாயி, வந்ததுல ஒண்ணு பேசி."

கெங்குராஜ் முன்னறை நாற்காலியில் இருந்தார். காலில் பழைய பேடு, தலையில் கம்பி வலை போட்ட ஹெல்மெட், மார்பில் தோல் கவசம்; எல்லாவற்றையும் கட்டிக்கொண்டுதான் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறாராம். ஆனால் ஹெல்மெட் வலைக்குப் பின்னால் நாற்காலியின் முதுகுக் கம்பிகள் தெரிந்தன. அவர் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல வந்தது.

"நீதானா? உக்காரு. இருபத்திரண்டு வருசம் கோல்ல நின்னேன், பந்து வந்தா நிப்பாட்டலாம். கண்ண எதக் கொண்டு நிப்பாட்ட?"

"மன்னிச்சிருங்கய்யா."

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். செத்தவன் ஒருத்தன் இருக்காம்லா, எம் பேருக்காரன், ஓசூர்ல. அவனுக்குத் துட்டிக்கு ஆளு வந்துச்சா?"

நாகஜோதிக்குத் தெரியவில்லை. அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒரே வரி. அவர் எந்த அணிக்கு ஆடினார், அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாரையும் அவள் கேட்டதில்லை, கேட்க நாலு நிமிடத்தில் இடமில்லை.

"அவனுக்கு வர வேண்டிய சனம் பூராம் இங்க வந்து கெடக்கு" என்றார் கெங்குராஜ். "அவனும் கோல்கீப்பர். கோல்கீப்பர எவனும் பாக்க மாட்டான், பந்து உள்ள போனாத்தான் பாப்பான். செத்தப்பவும் பாக்கல பாத்தியா."

அதற்குள் பத்து எந்திரிப்பு ஆகியிருந்தது. பத்தாவது எந்திரிப்பில், பேடுக்கும் செருப்புக்கும் நடுவே அவருடைய கணுக்கால் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை தெரிவதைச் சுப்புத்தாய் பார்த்தாள், நாகஜோதியும் பார்த்தாள். வீடியோ எடுக்கக் கொண்டுவந்த போனை எடுத்தவள் அதில் கம்பெனிப் பக்கத்தைத் திறந்தாள். ஏறின லிங்க்கைக் கொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை, மாற்றத்தான் உண்டு. கெங்குராஜின் படத்தை எடுத்தாள். சிவப்பாக ஒரு வரி வந்தது: முகம் தேவை.

"யாரு படத்தப் போடப் போற?" என்று கேட்டாள் சுப்புத்தாய்.

அவள் போனில் முகங்கள் இருந்தன. அம்மா இருந்தாள், ஹாஸ்டல் தோழிகள் இருந்தார்கள், பிறந்தநாள் கேக் அப்பிய மூக்கோடு ஹரிபாஸ்கர் இருந்தார். ஹரிபாஸ்கர் முகத்தின் மேல் அவள் கட்டைவிரல் நின்றது. ஒரு எந்திரிப்பு முழுக்க நின்றது. அவர் வீட்டு வாசல், அவருடைய மாத்திரை டப்பா, அவருக்கு மேல் ஓடும் டிவி எல்லாம் அவளுக்குத் தோன்றின. விரலை நகர்த்தினாள். ஹாஸ்டலில் சேர எடுத்த படம் ஒன்று இருந்தது, தலையில் எண்ணெய் வழிய, சிரிக்காமல், நேராகப் பார்த்து எடுத்தது. அதைப் போட்டாள். மென்பொருள் ஏற்றுக்கொண்டது.

பிறகு அச்சிலிருந்த அத்தனை பத்தியையும் அழித்துவிட்டு எழுதினாள்: "ஓசூரில் இறந்த கெங்குராஜ் வேறு, கோவில்பட்டியில் இருக்கும் கெங்குராஜ் வேறு. இருவரைப் பற்றியும் நான் விசாரிக்கவில்லை. ஓசூர்க்காரரின் வீட்டில் யார் அழுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதினேன்." 'செய்திப் பிரிவு' இருந்த இடத்தில் தன் பேரை அடித்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவை அந்தப் பேர் அங்கே வந்தது.

பொத்தானை அழுத்தியதும் நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. முன்னறையில் இருந்தவர்களும் பந்தலில் இருந்தவர்களும் வாசலில் நின்றவர்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். நூற்று முப்பது முகம் அவளைப் பார்த்தது. அவளுக்கு எங்கும் வலிக்கவில்லை. கழுத்தில், பிறந்ததிலிருந்து இருக்கும் மரு ஒன்று லேசாக அரித்தது, அவ்வளவுதான்.

போன் அடித்தது. ஹரிபாஸ்கர்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? அறிவிருக்கா? கம்பெனி மானம் போச்சு, நாளையிலேருந்து நீ வர வேண்டாம், உன் லாகின இப்பவே..." குரல் நின்றது. அந்தப் பக்கம் யாரோ அவரிடம் எதையோ காட்டுவது கேட்டது. மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "இருநூறு... இருநூத்தி அறுபது. ஏறுதும்மா. விடு. பக்கம் அப்படியே இருக்கட்டும், யாரும் தொட மாட்டோம். நீ மட்டும் வர வேண்டாம்."

தெருமுனையில் பம்பு ரூமைத் தாண்டி அவர்கள் வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது, தெருவே அடைபட்டுப்போயிற்று. சுப்புத்தாய் ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துக் கணவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். கெங்குராஜ் குனிந்து தன் கால் பேடின் வார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கணுக்கால் இருந்தது, இருக்கிறதென்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். மச்சம் திரும்பவில்லை, தழும்பு திரும்பவில்லை, அவை பிறகு ஒருபோதும் திரும்பவில்லை.

"இந்தா, கட்டிக்க" என்று பேடை அவளிடம் நீட்டினார். குரல் இப்போது அவர் வாயிலிருந்தே வந்தது. "ஒண்ணுக்கும் ஒதவாது. சும்மா ஒரு தெம்புக்கு."

நாகஜோதி பேடைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர்கள் பார்த்தார்கள், காற்றைத் தள்ளினார்கள், காலண்டரைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், எழுந்தார்கள். அடுத்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். எத்தனையாவது எந்திரிப்பென்று எண்ணுவதை அவள் விட்டுவிட்டபோது, முன்வரிசையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். இன்று இரண்டு கன்னமும் சவரம் செய்த, கழுத்தில் துணி இல்லாத, அந்த முதல் நாள் நடுவயதுக்காரர். சுப்புத்தாய்தான் அடையாளம் கண்டு, "இந்தாளு அன்னைக்கும் வந்தாரு, திரும்பி வந்தது இவரு ஒருத்தருதான்" என்றாள்.

நாற்பத்தோரு விநாடி ஆனதும் மற்றவர்கள் எழுந்தார்கள். அவர் எழவில்லை. அடுத்த கூட்டம் வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்து, அதுவும் எழுந்து போயிற்று. அவர் கட்டைவிரல் மெதுவாக நகர்ந்தது, நகர்ந்தது, பிறகு நின்றது. அவர் காலண்டரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து, வெகுநாள் பேசாதவர்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளைப் பார்த்துக் கேட்டார்:

"ஓசூர்ல எந்தத் தெருங்க?"